அரிசி மாறினால் மட்டும் போதுமா?

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் இயற்கை வழியில் நெல் வைக்கிறேன். சொர்ணவாரியில் பூங்கார், சம்பாவில் தூயமல்லியும் கருங்குறுவையும். விளைந்ததை அரிசியாக்கி நேரடியாகவே விற்கிறேன். வாங்க வருகிறவர்களில் பலரும் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, இதச் சாப்ட்டா சுகர் குறையுமா?"

"குறையும்" என்று சொல்லிவிட்டால் ஐந்து கிலோ வாங்க வந்தவர் இருபத்தைந்து கிலோ வாங்கிப் போவார். நான் அப்படிச் சொல்வதில்லை. எனக்கும் ஏழு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. நானும் இந்த அரிசியைத்தான் சாப்பிடுகிறேன், மாத்திரையும் போடுகிறேன். எங்கள் குழுவில் இருக்கிற ஓர் அண்ணன், கறுப்பு அரிசி சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார். "இயற்கைக்கு மாறியாச்சு, இனிமே எதுக்கு ரசாயனம்?" என்றார். எட்டு மாதம் கழித்து வரப்பில் முள் குத்திய புண் ஆறவே இல்லை. கடைசியில் கால் பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. விதைநெல் தேர்வில் எங்களுக்கெல்லாம் வாத்தியார் அவர்.

ஆகவே இதை நம்ம ஆட்களுக்கு நம்ம ஆளே சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். நஞ்சில்லாமல் விளைவித்த மரபு நெல் நல்ல உணவு. ஆனால் சர்க்கரையையும் இதயத்தையும் காப்பாற்ற அரிசியை மாற்றினால் மட்டும் போதாது. தட்டு மாற வேண்டும், கால் நடக்க வேண்டும், தேவைப்பட்டால் மாத்திரையும் வேண்டும்.

இது பட்டணத்து நோய் இல்லை

"சுகர் எல்லாம் ஏசி ரூம்ல உக்காந்திருக்கறவங்களுக்கு வர்றது" என்று நம் பக்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது வரப்பு மேல் நிற்பவர்கள், இன்னும் 13 கோடிக்கு மேல்.

நோய் வந்துவிட்டவர்கள் நகரத்தில் 100-க்கு 16 பேர், கிராமத்தில் 9 பேர். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் நகரம், கிராமம் இரண்டிலும் 100-க்கு 15 பேர். அங்கேயும் இங்கேயும் ஒரே நாற்றங்கால்தான் விட்டிருக்கிறது. நடவுதான் நமக்குக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது.

இதயத்தின் கணக்கும் இப்படித்தான். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் 90 சதவீதம் ஒன்பது காரணங்களுக்குள் அடங்குகிறது என்று காட்டியது. புகையிலை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனவுளைச்சல், காய்கனி குறைவது, குடி, உடல் அசையாமல் இருப்பது. ஒன்பதில் பெரும்பாலானவை அன்றாடப் பழக்கத்தில் கட்டுப்படக் கூடியவை. தெற்காசியர்களான நமக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஆறு வருடம் முன்னதாகவே, சராசரியாக 53 வயதில் வருகிறது என்பதையும் அதே ஆய்வுதான் எடுத்துக் காட்டியது.

சர்க்கரையும் இதயமும் வேறு வேறு நோய் என்று நினைக்காதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடிக்கொண்டே இருந்தால் ரத்தக்குழாயின் உள்சுவர் கெடுகிறது. அதில் கொழுப்பு படிகிறது. வாய்க்காலில் வண்டல் சேர்ந்து கடைமடைக்குத் தண்ணீர் போகாத கதைதான். கடைமடை என்பது சிலருக்கு இதயம், சிலருக்குச் சிறுநீரகம், சிலருக்குக் கால் விரல்.

உழைப்பு எங்கே போச்சு?

எங்க நைனா காலத்தில் ஏர் பின்னால் நடப்பார்கள். ஓர் ஏக்கரை உழுது முடிக்கப் பல கிலோமீட்டர் நடை. அப்புறம் நாற்று பறிப்பது, நடவு, களை, கதிர் அறுப்பு, கட்டுத் தூக்கிக் களத்துக்குக் கொண்டுபோவது, ஒப்படி. மதியத்தில் ஒரு குண்டான் சோறு சாப்பிட்டாலும் சாயங்காலத்துக்குள் அது எரிந்துவிடும்.

இப்போது டிராக்டரில் ரொட்டவேட்டர் ஓட்டுகிறோம். நடவுக்கு வண்டி, அறுவடைக்கு வண்டி. மோட்டாரைப் போட செல்போனில் மிஸ்டு கால். வரப்பு வரைக்கும் பைக். வருடத்தில் சில வாரம் முதுகு ஒடிய வேலை, மீதி நாளெல்லாம் மேற்பார்வை. அந்தப் பழைய உழைப்பு போய்விட்டது, அதற்கு ஈடாக இருந்த சோற்றின் அளவு மட்டும் தட்டில் அப்படியே நிற்கிறது. நம்ம ஊர் உழவருக்கு வயிறு முன்னால் வந்ததற்குக் காரணம் இதுதான்.

ஓர் அளவு சொல்கிறேன். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். தாண்டினால், ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

அரிசியின் உண்மை

நெல் ஜெயராமன் உள்ளிட்டோர் தேடித் தேடி மீட்டுத் தந்த மரபு நெல் ரகங்கள் நமக்குக் கிடைத்த சொத்து. தவிட்டோடு சாப்பிட்டால் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் கிடைக்கின்றன. கறுப்பு, சிவப்பு அரிசியின் மேல்தோலில் உள்ள நிறப்பொருள்களும் நல்லவை. இதெல்லாம் நிஜம். கூடவே கீழே உள்ள கணக்கும் நிஜம்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராமில் உள்ள மாவுச்சத்து ஏறத்தாழ இவ்வளவு:

- தீட்டிய வெள்ளை அரிசி – 78 கிராம்
- தவிடு நீக்காத அரிசி – 75 கிராம்
- கேழ்வரகு – 67 கிராம்
- வரகு – 66 கிராம்
- கம்பு – 62 கிராம்
- முழுப் பச்சைப்பயறு – 46 கிராம்

வெள்ளை அரிசிக்கும் தவிட்டரிசிக்கும் உள்ள வித்தியாசம் மூன்று கிராம்தான். தவிட்டில் உள்ள நார், மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் இறங்கும் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். யூரியா போட்டதும் பயிர் குப்பென்று பச்சையாவதற்கும், தொழுவுரம் மெல்ல மெல்லச் சத்துக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. ஆனால் தொழுவுரமே ஆனாலும் அளவு இல்லாமல் கொட்டினால் பயிர் சாயத்தானே செய்யும்? "இயற்கை அரிசிதானே" என்று மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டால் உடம்புக்கு அது மூன்று தடவை மாவுச்சத்துதான்.

மேலே சொன்ன நாடு தழுவிய ஆய்வின் அடுத்த பகுதி, உணவு பற்றியது, 2025-இல் வெளியானது. நாம் சாப்பிடும் மொத்த ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றியதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பயறு, பருப்பு, பால் பொருள் போன்ற புரதம் வந்தால்தான் குறைகிறது. சிறுதானியம் விற்கிற, விளைவிக்கிற நாம் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் வியாபாரம் படுத்துவிடாது. உண்மையைச் சொல்லி விற்றால் வாங்கினவர் திரும்ப வருவார்.

இன்னும் மூன்று விஷயம்.

ஒன்று, மரபு ரகம் என்று பெயர் இருந்தால் போதாது. மில்லில் கொடுத்து மல்லிகைப்பூ மாதிரி தீட்டி எடுத்தால் தூயமல்லியும் வெள்ளை அரிசிதான். புழுங்கல் போட்டு, உமி மட்டும் நீக்கி, தவிட்டை முடிந்தவரை விட்டுவைக்கச் சொல்லுங்கள். தவிட்டரிசி சீக்கிரம் வண்டு பிடிக்கும், சிக்கு வாடை வரும். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு, கூழும் கஞ்சியும். கேழ்வரகை மாவாகத் திரித்து, குழையக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென ஏறும். தானியம் எவ்வளவு நைசாக அரைபடுகிறதோ, எவ்வளவு குழைகிறதோ, அவ்வளவு வேகமாகச் செரிக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கஞ்சியைவிட சிறு உருண்டைக் களியும், கூடவே நிறையக் கீரைக் குழம்பும் மேல்.

மூன்று, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன். நம் இயக்கத்துக் கூட்டங்களில் இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். "சீனி இல்லீங்க, கருப்பட்டிதான்" என்று சொல்லி இரண்டு டம்ளர் காபி. வெல்லம் 100 கிராமில் ஏறத்தாழ 85 கிராம் மாவுச்சத்து, அதிலும் பெரும்பகுதி சர்க்கரையேதான். கொஞ்சம் இரும்பும் தாது உப்பும் கூடுதலாக இருக்கலாம், ரத்தம் அதைப் பார்த்துச் சலுகை தராது. 200 லிட்டர் ஜீவாமிர்தத்துக்கு 2 கிலோ வெல்லம் போடுகிறோமே, அது நுண்ணுயிர்கள் சாப்பிடட்டும். சர்க்கரை உள்ளவர்கள் அந்த விருந்தில் கலந்துகொள்ள வேண்டாம்.

தட்டில் பாதி வரப்பிலிருந்து வரட்டும்

சரி, எப்படித்தான் சாப்பிடுவது? நான் கடைப்பிடிக்கிற முறை எளிமையானது. தட்டை மனதுக்குள் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாகம் காயும் கீரையும். ஒரு பாகம் பயறு, பருப்பு, கொண்டைக்கடலை, முட்டை, மீன் இவற்றில் ஏதாவது. மீதி ஒரு பாகம்தான் சோறு. முதலில் கீரையையும் காயையும் பயறையும் சாப்பிடுங்கள், சோறு கடைசியில் வரட்டும். இந்த வரிசையில் சாப்பிட்டாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பசி அடங்கிய பிறகு சோற்றை அள்ளும் கையும் தானாகச் சுருங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"சொல்றது சுலபம், காய் என்ன விலை விக்குது?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கடைக்காரர் கேட்கலாம், வாடகை வீட்டில் இருப்பவர் கேட்கலாம், உழவர் கேட்கலாமா? நம்மிடம் வரப்பு இருக்கிறது. நெல்லை மட்டும் வைத்துவிட்டு, கீரைக்கும் பருப்புக்கும் கடைக்குப் போகிற உழவராக நாம் எப்போது மாறினோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒற்றைப் பயிர் நிலத்துக்கு ஆகாது என்று மேடையில் பேசுகிறோம். தட்டிலும் ஒற்றைப் பயிர் ஆகாது.

எங்கள் வயலில் செய்திருப்பது இது:

- அகலமான வரப்பில் தட்டைப்பயறும் உளுந்தும். பயிரின் பூச்சிகளைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் அங்கே இடம் கிடைக்கிறது.
- சம்பா அறுவடைக்கு முன்பே, ஈரம் இருக்கும்போது, நெல் தாளுக்குள் பச்சைப்பயறு தெளிப்பு. மண்ணுக்குத் தழைச்சத்து, வீட்டுக்கு வருடத்துக்கான பயறு.
- கிணற்று மேட்டில் நான்கு முருங்கை, இரண்டு அகத்தி, ஒரு கறிவேப்பிலை, ஒரு கொய்யா.
- மோட்டார் தொட்டித் தண்ணீர் வழியும் இடத்தில் அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி. வேலி ஓரத்தில் பாகல், கோவைக்காய், புடலை.
- கொஞ்சம் நிலக்கடலை. வேகவைத்த கடலை ஒரு கைப்பிடி, சாயங்கால பஜ்ஜிக்குப் பதில்.

இதற்குத் தனியாக ஒரு சென்ட் நிலம்கூட ஒதுக்கவில்லை. இரண்டு பேர் சர்க்கரை உள்ள வீட்டில் தினமும் ஒரு கீரை, ஒரு காய், ஒரு பயறு உறுதியாகிறது.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. செக்கு எண்ணெய் நல்ல எண்ணெய்தான். ஆனால் எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது சமதட்டாக ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. பழவேற்காட்டுக் கருவாடு பக்கத்திலேயே கிடைக்கிறது, ஆசையும் இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டுக்குப் பதில் பச்சை மீனுக்கு மாறிக்கொள்வது நல்லது. மத்தி மாதிரி விலை குறைந்த சின்ன மீன்களில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு இருக்கிறது. பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.

நடையின் பலன் நம்ம சென்னையில் நிரூபித்தது

நீரிழிவு மருத்துவம் இந்தியாவில் வேர் விட்டது நமக்குப் பக்கத்தில்தான். வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1954-இல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே மருத்துவமனை கட்டினார்.

பிற்பாடு டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. சர்க்கரை வருவதற்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்து மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினம் அரைமணி நேர நடை, இனிப்பும் தீட்டிய தானியமும் எண்ணெயும் குறைத்த உணவு என்று மாறிய குழுவில் 39 சதவீதம். மாத்திரை கொடுத்த குழுவில் 40 சதவீதம். பழக்கமும் மாத்திரையும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. இத்தனைக்கும் நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. எடை இறங்கவில்லையே என்று நடையை நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த ஆய்வில் ஏற்கனவே நல்ல உடலுழைப்பு உள்ளவர்களை, அதையே விடாமல் தொடரச் சொன்னார்கள். நமக்கும் அதுவே பொருந்தும். நடவு நாளில் தனியாக நடைப்பயிற்சி வேண்டாம். மேற்பார்வை மட்டும் பார்க்கிற நாளில் வேண்டும். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு வயலுக்கு நடந்து போங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கணக்கு. சாப்பிட்டவுடன் கயிற்றுக் கட்டிலில் சாயாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், அந்த வேளைச் சர்க்கரை ஏறுவது குறையும். நம் வீட்டுப் பெண்களையும் மறந்துவிடாதீர்கள். களை எடுக்க ஆள் வைத்த பிறகு அவர்களுக்கும் நடை இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருவருமாகத் தெருவில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

மாத்திரை எதிரி இல்லை

'ரசாயனம்' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குப் பூச்சிக்கொல்லி ஞாபகம் வருகிறது. அதனால்தான் மாத்திரையின் மேலும் கோபம். ஆனால் சர்க்கரைக்கு முதலில் தரப்படும் மெட்பார்மின், கலீகா என்ற செடியில் இருந்த ஒரு பொருளைப் பின்பற்றி உருவானது. ஐரோப்பாவில் அது தீவனமாகவும் நாட்டு மருந்தாகவும் இருந்த பயறுக் குடும்பத்துச் செடி. 1957-இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இந்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். செடியின் சாற்றில் நச்சும் இருந்தது, அளவும் தெரியாது. மாத்திரையில் அளவு தெரியும்.

வெந்தயம், ஆவாரம்பூ, நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான் எல்லாம் நானும் பார்த்தவன்தான். சிலருக்குக் கொஞ்சம் துணை செய்யலாம். மாத்திரைக்குப் பதிலாக வைக்காதீர்கள். சேர்த்துச் சாப்பிட்டால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக் கூடும். பழக்கம் மாறி அளவுகள் நன்றாக வந்தால் மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார். குறைக்கிற முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

செலவுக்கும் பயப்பட வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பதிவு செய்யாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

வயலில் இரண்டு கவனம்

முதலாவது, தாழ்சர்க்கரை. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, வெயிலில் அண்டை வெட்ட இறங்கினால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் இருட்டு, தடுமாற்றப் பேச்சு. பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். வேட்டி மடிப்பிலோ மோட்டார் கொட்டகையிலோ ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். கூட வேலை செய்பவருக்கு உங்களுக்குச் சர்க்கரை உண்டு என்பது தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது, கால். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மழுங்கும். முள், நத்தை ஓடு, கண்ணாடித் துண்டு குத்தியதே தெரியாது. சேற்றில் இறங்காமல் உழவு இல்லை, சரி. ஏறியதும் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, ஒரு கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டுக் குளம்பைத் தூக்கிப் பார்க்கிற நாம் நம் காலைப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். இரண்டு நாளில் ஆறாத புண் எதையும் மஞ்சள் வைத்துக் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். பீடியும் மெல்லும் புகையிலையும் காலுக்குப் போகும் ரத்தத்தையும் இதயத்துக்குப் போகும் ரத்தத்தையும் சேர்த்தே சுருக்குகின்றன. இதில் கொஞ்சம் என்ற கணக்கே இல்லை, விட்டுவிட வேண்டியதுதான்.

நெஞ்சு வலியை வாயு என்று தள்ளாதீர்கள்

நடு நெஞ்சில் பாரம் ஏற்றியது போல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்குவது, குமட்டல். இதில் எது வந்தாலும் சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மழுங்கியிருப்பதால் வலியே இல்லாமல், வெறும் வியர்வையும் களைப்புமாகக்கூட மாரடைப்பு வரலாம்.

தனியாக பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். 108 அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டர்வாஸ்டாட்டின் என மூன்று வகையில் 14 மாத்திரைகள் முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இங்கிருந்து சென்னைக்குள் போக நெடுஞ்சாலை நெரிசலில் எவ்வளவு நேரமாகும் என்பது நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் இதயத் தசையைக் காப்பாற்றுவது இந்த முதல் தவணைதான். உங்கள் ஊருக்கு அருகில் எந்த நிலையம், அங்கே எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள் என்பதை இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள்

நம் பக்கத்தில் அப்பா வயலில், பிள்ளை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பரோட்டா, தூக்கத்தை விரட்ட நாலு டீ, காலையில் வந்து சாப்பிட்டுத் தூக்கம். இரவு வேலை நாள்பட நீடித்தால் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆபத்து கூடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வேலையை விடச் சொல்ல முடியாது. டிபன் பாக்ஸை மாற்ற முடியும். இரவு வேலைக்குப் போவதற்கு முன்பே பெரிய சாப்பாட்டை முடித்துவிட்டு, நள்ளிரவுக்குச் சுண்டலோ வேகவைத்த கடலையோ அவித்த முட்டையோ கொடுத்தனுப்புங்கள். டீயில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லுங்கள். பகலில் தூங்கும் அறையை இருட்டாக்கிக் கொடுங்கள். தொழிற்சாலைக்கே வந்து சோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-இல் தொடங்கியிருக்கிறது. வந்தால் தவறாமல் காட்டச் சொல்லுங்கள்.

மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வருகிறது என்று பாதித் தூக்கத்தில் எழுகிற நமக்கும் இது பொருந்தும். தூக்கம் கெட்டால் சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். கடனும் விளைச்சல் கவலையும் சேர்ந்தால் இன்னும் ஏறும். வாரத்தில் ஒரு நாளாவது நான்கு உழவர்கள் சேர்ந்து உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவதும் இதயத்துக்கு நல்லதுதான்.

மண் பரிசோதனை மாதிரி ரத்தப் பரிசோதனை

30 வயது தாண்டிய எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

- வெறும் வயிற்றில் சர்க்கரை: 100-க்குக் கீழ் சரி. 100 முதல் 125 வரை முந்தைய கட்டம். 126-உம் அதற்கு மேலும் என்றால் நோய். ஒரு தடவை கூடுதலாக வந்தால் இன்னொரு தடவை சோதித்து உறுதி செய்வார்கள்.
- எச்.பி.ஏ.1சி: 5.7-க்குக் கீழ் சரி. 5.7 முதல் 6.4 வரை முந்தைய கட்டம். 6.5-உம் மேலும் நோய். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் இது கடந்த மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டும். ஏறக்குறைய ஒரு குறுகிய கால நெல்லின் வயது.
- ரத்த அழுத்தம்: பல தடவை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை வேண்டும்.
- ஏற்கனவே சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கண், கால், சிறுநீரகம், கொழுப்பு நான்கையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு நாள் வழக்கமான சோற்று அளவு. இன்னொரு நாள் அதே அரிசியில் பாதி அளவு, கூடக் கீரையும் பயறும், முடித்ததும் ஒரு நடை. இரண்டு நாளும் முதல் கவளம் எடுத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து எழுதி வையுங்கள். எந்த ரகம் நல்லது, எவ்வளவு சாப்பிடலாம் என்று அடுத்தவர் சொல்வதைவிட உங்கள் ரத்தம் சரியாகச் சொல்லும்.

எங்கள் குழுவில் இப்போது மாதக் கூட்டத்துக்கு ஒரு டேப்பும் ரத்த அழுத்தக் கருவியும் வருகின்றன. விதைப் பரிமாற்றம் முடிந்ததும் ஒவ்வொருவராக இடுப்பையும் அழுத்தத்தையும் அளந்து நோட்டில் எழுதுகிறோம். தேநீருக்குக் கருப்பட்டி போடுவதை நிறுத்திச் சுக்கு மல்லி மட்டும் வைக்கிறோம். முதல் மாதம் முணுமுணுத்தார்கள், இப்போது கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். உங்கள் ஊர்க் கூட்டத்திலும் தொடங்குங்கள். அடுத்த போகத்துக்கு நாற்று விடுவதற்கு முன்பாக, வரப்பில் போட ஒரு படி தட்டைப்பயறு விதையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.